உத்தனப்பள்ளி ரோஜாவும் ஊமையாகிப்போன பெட்டியும்

கிட்ட வாருங்கள் கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் கிட்ட. காலை நீட்டிக்கொள்கிறவர்கள் நீட்டிக்கொள்ளுங்கள். மடியில் பிள்ளை தூங்கினால் தூங்கட்டும், எழுப்ப வேண்டாம். இன்றைக்கு ராஜா ராணி இல்லை, பேய் பிசாசு இல்லை. வாயை மூடிக்கொண்ட ஒரு பெட்டியின் கதை இது. அதைப் பேச வைக்க ஒரு பெண் பட்ட பாட்டின் கதை. நடுவில் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும். பயப்படாதீர்கள், கையைப் பிடித்துக் கூட்டிப்போய்ப் பத்திரமாகத் திரும்பக் கொண்டுவந்து விடுவேன்.

ஓசூர் சிப்காட்டில் பெரிய பெரிய ஆலைகளுக்கு நடுவே, விசிறி, பம்பு எல்லாவற்றையும் தானாக ஓட்டுகிற மின்னணுப் பெட்டிகள் செய்கிற, தகரக் கூரை போட்ட ஒரு சின்னப் பட்டறை இருந்தது. பரமசிவம் என்பவர் அதை நடத்தினார். லிபியாவும் அவள் புருஷன் வெஸ்லினும் அங்கேதான் வேலை பார்த்தார்கள். இரண்டாயிரத்து ஏழாம் வருஷம், தை மாதம். கல்யாணமாகி ஒரே ஒரு கிறிஸ்துமஸ்தான் சேர்ந்து கொண்டாடியிருந்தார்கள். இரண்டு பேரும் திருநெல்வேலிப் பக்கம். ஓசூர்க் குளிரில் மூக்கு ஒழுகினாலும் பேச்சில் ஊர் ஒழுகுவது நிற்கவில்லை.

வெஸ்லின் ஈயம் உருக்கிப் போர்டு செய்கிறவன். லிபியா அந்தப் போர்டுக்குள் ஓடுகிற நிரலை எழுதுகிறவள்; 'கோடு' என்பார்கள் அதை. ஆகவே எந்தப் பெட்டி கெட்டாலும் அந்த வீட்டில் சண்டை நிச்சயம். "உன் கோடுதான்" என்பான் அவன். "உங்க போர்டுதான்" என்பாள் அவள். தட்டில் சோறு ஆறிப்போய்க் கிடக்கும், சண்டை மட்டும் சுடச்சுட நடக்கும்.

அவர்கள் செய்த பெட்டிகளிலேயே லிபியாவுக்கு உயிராய் இருந்தது ஒன்று. உத்தனப்பள்ளியில் திம்மராயன் என்கிற பூ விவசாயியின் பாலிஹவுஸில் மாட்டியிருந்த பெட்டி. பாலிஹவுஸ் என்றால் தெரியும்தானே, பிளாஸ்டிக் போர்வை போர்த்திய பெரிய கூடாரம். உள்ளே வரிசை வரிசையாகச் செக்கச்சிவந்த தாஜ்மஹால் ரக ரோஜா. மொட்டுக்கு மொட்டு வெள்ளை வலைத் தொப்பி மாட்டியிருப்பார்கள், அவசரப்பட்டு விரிந்துவிடக் கூடாது என்று. காதலர் தினத்துக்காக வெளிநாட்டுக்குப் போகிற பூ அது. மொட்டாய்ப் போனால்தான் மதிப்பு. விரிந்துவிட்டால் உள்ளூர்ச் சந்தையில்கூட முகம் கொடுத்துப் பார்க்க மாட்டார்கள்.

வெயில் ஏறினால் மொட்டு விரியும். அதனால் சூடு ஏற ஏறப் பக்கத்துத் திரையை உயர்த்தி, பெரிய விசிறியை ஓட்டி, மேலே குழாய்களிலிருந்து புகைபோல நீர்த்தூவலை அனுப்ப வேண்டும். இத்தனையையும் ஆள் இல்லாமல் அந்தப் பெட்டி பார்த்துக்கொள்ளும். உள்ளே லினக்ஸ் என்கிற இயங்குதளம் ஓடியது. அதற்கு மேலே ஓடியது லிபியா எழுதியது. அவள் தனியாகத் தொடங்கித் தனியாக முடித்த முதல் வேலை.

பெட்டி முதல் சில நாள் தங்கமாக ஓடியது. அப்புறம் உச்சிவெயில் நேரத்தில் நின்றுபோக ஆரம்பித்தது. செத்துப்போவதில்லை, விளக்கு எரியும். பெட்டியின் முகப்பில் கடைசியாகக் காட்டிய எண் அப்படியே உறைந்து நிற்கும். பொத்தானை அமுக்கினால் கேட்காது, நெட்வொர்க்கில் கூப்பிட்டால் பேசாது. நீர்த்தூவல் வராது. திம்மராயன் ஓடிவந்து சுவிட்சை அணைத்துப் போடுவார். உடனே எழுந்து ஒன்றுமே நடக்காததுபோல் ஓடும். ஆனால் எதனால் நின்றது என்கிற சேதியும் அணைத்த நொடியிலேயே அழிந்துபோகும். பட்டறைக்குக் கொண்டுவந்து வைத்துப் பார்த்தால், சமத்துப் பிள்ளைபோல் இரவும் பகலும் ஓடும். விருந்தாளி முன்னால் நல்ல பேர் வாங்கி, வீட்டில் ரகளை செய்கிற பிள்ளைகள் இருப்பார்களே, அதுபோல.

"கையும் களவுமாப் பிடிக்கணும். அது நிக்கும்போது நான் அங்க இருக்கணும்" என்றாள் லிபியா.

பெட்டியின் முதுகில் முள் முள்ளாய் ஒரு வாய் உண்டு. சீரியல் போர்ட் என்பார்கள். மற்ற எல்லாம் உறைந்துபோனாலும் அந்த வாயில் மட்டும் பல சமயம் கொஞ்சம் உயிர் மிச்சமிருக்கும். அதில் ஒரு கேபிளைச் செருகி, மறுமுனையை லேப்டாப்பில் மாட்டி, பிரேக் என்கிற சமிக்ஞையை அனுப்பி ஓர் எழுத்தைத் தட்டினால், 'இந்த நொடி எங்கே நிற்கிறாய், சொல்' என்று உலுக்கிக் கேட்டதுபோல. உயிர் இருந்தால் அது பதில் சொல்லும். இதற்குத்தான் சீரியல் கன்சோல் என்று பேர்.

புது லேப்டாப்பில் அந்த வாய் கிடையாது. பரமசிவத்திடம் கெஞ்சி, அம்மிக்கல் கனம் கனக்கிற அவருடைய பழைய லேப்டாப்பை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, வெஸ்லினின் பைக்கில் இராயக்கோட்டை ரோட்டில் கிளம்பினார்கள்.

திம்மராயன் பாலிஹவுஸ் முன்னாலேயே நின்றார்.

"வாம்மா, வாப்பா. இன்னிக்குத்தான் கடைசி, சொல்லிட்டேன். இன்னிக்கும் நின்னுச்சின்னா சாய்ந்தரம் பெட்டியக் கழட்டி உங்க வண்டியிலயே கட்டிக் குடுத்துடுவேன். ஊட்டுக்கு வந்த பொண்ணு நீ, காப்பி பலகாரம் எல்லாம் குடுப்பேன், அதுல கொறை வெக்கமாட்டேன். பெட்டி மட்டும் எனக்கு ஆவாது."

"இன்னிக்குக் கண்டுபிடிச்சிருவேன் சார்" என்றாள் லிபியா. குரல் தைரியமாகத்தான் வந்தது. ஆனாலும் இந்தப் பெட்டி இங்கேயிருந்து இறங்கினால் சுற்றுவட்டாரத்தில் வேறு எந்தத் தோட்டத்திலும் ஏறாது என்பது அவளுக்குத் தெரியும்.

திம்மராயனின் மனைவி வெங்கடம்மாள் சொம்பில் மோர் கொண்டுவந்தாள். "மொதல்ல எவ்ளோ அழகா ஓடிச்சும்மா. சுத்துப்பட்டுத் தோட்டக்காரங்க அத்தினி பேரும் வந்து வாயப் பொளந்து பாத்துட்டுப் போனாங்க. கண்ணு பட்டுருச்சு, வேறென்ன."

"கண்ணு இல்லம்மா, கோடு" என்றான் வெஸ்லின்.

லிபியா அவன் இடுப்பில் கிள்ளினாள். "போர்டுன்னு சொல்லுங்க."

உள்ளே நுழையும்போது வாசல் மேலே கட்டியிருந்த எதுவோ அவள் உச்சந்தலையில் தட்டியது. தடவிக்கொண்டே போய், பூ அடுக்குகிற கூடைகளைக் கவிழ்த்து, மேலே லேப்டாப்பை வைத்துக் கேபிளைச் செருகினாள்.

திரையில் கொசகொசவென்று என்னவோ எழுத்து ஓடியது. புள்ளி, கோடு, முகம் மாதிரி ஒன்று, சதுரம் மாதிரி ஒன்று.

திம்மராயன் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். "எனக்குத் தமிழ் வரும், தெலுங்கு வரும், கன்னடம் வரும். இது என்னாம்மா பாஷை? இது நம்ம பக்கத்துலயே கெடையாதே?"

"பெட்டி வேகமாப் பேசுது சார், லேப்டாப்பு மெதுவாக் கேக்குது. ரெண்டையும் ஒரே வேகத்துக்குக் கொண்டாரணும்."

"எங்க ஊட்டுலயும் அதே கதைதான்" என்றார் அவர், வெங்கடம்மாள் பக்கம் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே.

லிபியா வேகத்தை மாற்றித் தட்டினாள். அவ்வளவுதான், எழுத்தெல்லாம் கண்ணாடி துடைத்ததுபோல் தெளிந்து வரிசையாக இறங்கியது. இன்ன சூடு, இன்ன ஈரம், திரை பாதி, தூவல் தயார். பெட்டி தன்பாட்டுக்குப் பேசிக்கொண்டேயிருந்தது. பிள்ளை தூக்கத்தில் சிரிப்பதைப் பார்க்கிறவள்போல் அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெயில் ஏறியது. பூ வெட்டுகிற பெண்கள் முந்தானையால் முகத்தைத் துடைத்தார்கள். பெட்டி பக்கத்துத் திரையை உயர்த்தியது. தூவலைத் திறந்தது. புஸ்ஸென்று வெள்ளைப் புகை இறங்கி, இலையெல்லாம் மினுமினுத்தது. பிறகு கடைக்கோடியில் ஆளுயர விசிறி கரகரவென்று சுழல ஆரம்பித்தது. கூடாரமே மெல்ல அதிர்ந்தது.

லேப்டாப்பில் ஒரு வரி பாதி வந்தது. மீதி வரவில்லை.

"நின்னுட்டு!" என்று கத்தினாள் லிபியா. மற்றவர்கள் முகம் வாடும் நேரத்தில் அவள் முகம் மட்டும் தீபாவளிபோல் இருந்தது. "என்னங்க, நின்னுட்டு! பாருங்க!"

விட்டு விட்டு வர வேண்டிய தூவல் மேலே நின்றுவிட்டது, விசிறி மட்டும் சுழன்றது. திம்மராயன் வேட்டியை மடித்துக்கொண்டு சுவிட்சை நோக்கி ஓடினார். லிபியா அவருக்கு முன்னால் ஓடிப்போய்ச் சுவிட்சுக்குக் குறுக்கே கையை விரித்து நின்றாள்.

"சார், தொடாதீங்க! கையெடுத்துக் கும்பிடுதேன், தொடாதீங்க!"

"என்னாம்மா நீ? பாதரசம் ஏறுது பாரு! அணைச்சுப் போட்டா தண்ணி வந்துடும்!"

"தண்ணி வந்திரும் சார். ஆனா அது என்ன சொல்ல வந்துச்சோ அது அழிஞ்சு போயிரும். நாளைக்கு மறுபடியும் நிக்கும். நாளன்னைக்கும் நிக்கும். கொஞ்ச நேரம் குடுங்க சார்!"

திம்மராயன் வெப்பமானியைப் பார்த்தார், மொட்டுகளைப் பார்த்தார், விரித்த கையோடு நிற்கிற பெண்ணைப் பார்த்தார். "தொப்பி போட்டுக்கினு நிக்குது பாரு, அதுல ஒரு மொட்டு வாயத் தொறந்துச்சின்னாலும் சுவிட்ச் என்னுது. அதுவரைக்கும் உன்னுது. ஏய், பொண்ணுங்களா, பைப்ப எடுத்து ஓரத்து வரிசைக்காச்சும் தண்ணி அடிங்க!"

லிபியா லேப்டாப்புக்கு ஓடினாள். பிரேக் அனுப்பினாள், எழுத்தைத் தட்டினாள்.

ஒன்றும் வரவில்லை.

மறுபடியும் அனுப்பினாள். திரையில் அந்தச் சின்னக் கட்டம் மட்டும் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. நெற்றி வேர்வை மூக்கின் நுனியில் வந்து தொங்கியது. உயிரே இல்லையோ? இந்த வாயும் மூடிக்கொண்டதோ? அப்படியென்றால் இனிக் கேட்பதற்கு வழியே கிடையாது.

"கேபிள் சரியாத்தான் இருக்கு" என்றான் வெஸ்லின். இப்போது அவன் கேலி பேசவில்லை. கேபிளின் தலையை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டான். "இன்னொரு தரம் அடி."

அடித்தாள். காத்திருந்தார்கள். பைப்பில் தண்ணீர் அடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

ஓர் எழுத்து வந்தது கண்ணுகளா! ஒரே ஓர் எழுத்து. அப்புறம் இன்னொன்று. எறும்பு அரிசியை இழுத்துக்கொண்டு வருவதுபோல், ஒன்றன்பின் ஒன்றாய், மூச்சு வாங்கி மூச்சு வாங்கி எழுத்துகள் வந்தன. வரி நிறைந்தது. அடுத்த வரி. அடுத்த வரி. லிபியா வாயைப் பொத்திக்கொண்டாள். சாகக் கிடக்கிறது என்று நினைத்தது, அத்தனை இக்கட்டிலும் அவள் கேட்டதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

எங்கே நிற்கிறாய் என்று கேட்டாள் அல்லவா, அதற்குப் பதில் ஒரு பெயராக வந்தது. 'கதவு'. ஆங்கில எழுத்தில் அப்படியே 'கதவு' என்று. யார் படிக்கப்போகிறார்கள் என்று தமிழிலேயே அவள் வைத்த பெயர். பாலிஹவுஸ் கதவு திறந்து கிடந்தால் குளிர்ச்சி போய்விடுமே, அதைக் கவனிப்பதற்காக அவள் எழுதிய துண்டு நிரல்.

மறுபடியும் கேட்டாள். 'கதவு'.

மூன்றாவது முறையும் கேட்டாள். 'கதவு'.

"ஏட்டி" என்றான் வெஸ்லின், முகமெல்லாம் பல்லாக. "அது நீ பேரு வச்ச பிள்ளைல்லா!"

அவள் காதில் அது விழவில்லை. எழுந்து நின்று கூடாரம் அதிரக் கத்தினாள். "யாரு அங்க கதவத் திறந்து திறந்து மூடுதது?"

பெண்கள் எல்லாம் திரும்பினார்கள். "யாரும் தொறக்கலியே மேடம். சாத்தியேதான் கெடக்குது!"

லிபியா ஓடினாள். வரிசைக்கு நடுவே ஓடியதில் முள் கையைக் கீறியது, துப்பட்டா ஒரு செடியில் மாட்டி அங்கேயே நின்றது. கதவு சாத்தித்தான் இருந்தது. ஆளில்லை, ஆடில்லை. கதவைத் தொட்டுப் பார்த்தாள், அசையக்கூட இல்லை. பெட்டி பொய் சொல்லுகிறதா?

அப்போது தலைக்கு மேலே ஒரு சத்தம். வண்டு பறப்பதுபோல் ஒரு கிர்ர்ர்.

நிமிர்ந்தாள். கதவு நிலையில், கறுப்புக் கயிற்றில், மஞ்சள் குங்குமம் வைத்து ஒரு லாடம் தொங்கியது. மாட்டுக் காலில் தேய்ந்த பழைய இரும்பு லாடம். விசிறி அதிர அதிர அதுவும் நிலையில் உரசி நடுங்கிக்கொண்டிருந்தது. அதற்குச் சரியாகப் பின்னால்தான் வெஸ்லின் பொருத்திய சின்ன உணரி. கதவில் ஒரு காந்தம், நிலையில் அந்த உணரி. காந்தம் கிட்டத்தில் இருந்தால் கதவு சாத்தியிருக்கிறது என்று அதற்கு அர்த்தம். நடுவில் இரும்பு வந்தால் காந்தத்தின் இழுவையை அது குடித்துவிடும். விலகினால் விட்டுவிடும். லாடம் ஒவ்வொரு முறை நடுங்கும்போதும் பெட்டிக்குச் சேதி போனது. கதவு திறந்தது, மூடியது, திறந்தது, மூடியது.

"என்னங்க! இங்க வாங்க! ஓடி வாங்க!"

வெஸ்லின் வந்து பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டான். "இதுக்குத்தான் நம்ம பட்டறையில நிக்கவே இல்ல! அங்க எது லாடம்?" கொஞ்சம் யோசித்து, "ஆனா ஏட்டி, கதவு என்ன ஆட்டம் ஆடினாலும் பெட்டி ஏன் மொத்தமா நிக்கணும்?"

காரணம் லிபியாவுக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. கதவு திறந்ததாகச் சேதி வந்தால், மெய்தானா என்று பார்க்க அந்த இடத்திலேயே கண் சிமிட்டும் நேரம் நின்று காத்திரு என்று எழுதியிருந்தாள். ஒரு முறை வந்தால் சரி. நின்று பார்த்துவிட்டுத் திரும்புவதற்குள் அடுத்த தட்டு, அதற்குள் அடுத்தது. அடுப்பில் பால் பொங்குகிறது, தொட்டிலில் பிள்ளை அழுகிறது, வீட்டுக்காரியோ "யாரது, யாரது" என்று வாசலிலேயே நிற்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படித்தான் அந்தப் பெட்டி நின்றது.

"கோடுதான்" என்றாள் மெதுவாக.

வெஸ்லின் ஜெயித்துவிட்டான். ஆனால் ஜெயித்ததைக் கொண்டாட அவனுக்கு மனசு வரவில்லை. "அது கெடக்கட்டும். இப்ப லாடத்த அவுத்துருவோம்" என்று கயிற்றில் கை வைத்தான்.

"கைய எடு!"

வெங்கடம்மாள் சொம்பும் கையுமாய் வந்து நின்றாள். "குந்தாரப்பள்ளிச் சந்தைக்குப் போயி, ஓடி ஒழைச்ச மாட்டு லாடமாப் பாத்து வாங்கியாந்து நானே கட்டுனது. அத்தினி பேரு வந்து பாத்துட்டுப் போனதும், உங்க பெட்டிமேல கண்ணு படக்கூடாதுன்னு கட்டுனது! பூ ஏத்துமதி ஆவறவரைக்கும் அவுக்கமாட்டேன்னு வேண்டிக்கினு இருக்கேன்."

திம்மராயன் தெலுங்கில் கூப்பிட்டுக் குரல் உயர்த்தினார். "ஏமே! அந்த லாடத்தாலதான் பெட்டி நிக்குதாம்!"

"நிக்கட்டும். நீங்க வேண்டிக்கிட்டீங்களா, நான் வேண்டிக்கிட்டேனா?"

"பெட்டிக்காகக் கட்டுனத பெட்டிக்காக அவுத்தா என்னா?"

"சாமிகிட்ட யாரு பதில் சொல்றது? நீங்களா?"

சூடு ஏறிக்கொண்டேயிருந்தது. பெண்களில் ஒருத்தி ஒரு மொட்டின் தொப்பியை விரலால் தள்ளிப் பார்த்துவிட்டு, "இன்னும் மூடித்தான் இருக்குது, ஆனா இளகுது" என்றாள்.

லிபியா வெங்கடம்மாளின் கையைப் பிடித்தாள். அந்த அம்மாவின் மேல் அவளுக்குக் கோபமே வரவில்லை. தன் பெட்டிக்கு ஒருத்தி சந்தைக்குப் போய்க் காப்பு வாங்கிக் கட்டியிருக்கிறாளே. அதோடு, லாடத்தை அவிழ்த்தால் மட்டும் போதுமா? நாளைக்குக் காற்று அடித்துக் கதவு ஆடும், ஆடு வந்து உரசும். கதவு நடுங்கினாலே மயங்கி விழுகிற பெட்டியை இவர்கள் தலையில் கட்டிவிட்டுப் போகலாமா?

"அவுக்க வேண்டாம்மா. தப்பு லாடத்துல இல்ல, நான் எழுதினதுல. நான் திருத்திருதேன். அதுவரைக்கும் அது நடுங்காம இருந்தாப் போதும்."

வெங்கடம்மாள் யோசித்தாள். "நடுங்காம இருக்கணும், அவ்ளோதானே? அவுக்கத்தானே கூடாது. புடிச்சுக்கலாமில்ல?"

வெகுநேரம் பிடிக்க வாகாக ஒரு கூடையைக் கவிழ்த்து அதன்மேல் ஏறினாள். லாடத்தைக் கைக்குள் வைத்து, கோழிக்குஞ்சைப் பிடிப்பதுபோல் இறுக்கிப் பொத்திக்கொண்டாள். கிர்ர்ர் நின்றது.

"சார், இப்ப அணைச்சுப் போடுங்க!"

திம்மராயன் ஒரே எட்டில் போய்ச் சுவிட்சை அணைத்துப் போட்டார். பெட்டி எழுந்தது. கொஞ்ச நேரத்தில் மேலே புஸ்ஸென்று வெள்ளைப் புகை! பெண்கள் குலவை போடாத குறையாகக் கத்தினார்கள். ஒருத்தி தூவலுக்குக் கீழே முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

லிபியா லேப்டாப்பின் முன் மண்டியிட்டாள். விரல்கள் ஓடின. வாசலில் தட்டு கேட்டால் நின்று காத்திராதே. ஒரு முறை கேட்டுக்கொள், அந்தக் காதைக் கொஞ்ச நேரம் மூடிக்கொள், உள்ளே போய் உன் வேலையைப் பார், அப்புறம் சாவகாசமாக வந்து கதவைப் பார். இதைத்தான் அவள் எழுதினாள். அவசரத்தில் ஒரு புள்ளியை விட்டுவிட்டாள், லேப்டாப் அதைப் பிடித்துக்கொண்டு அடம் பிடித்தது. திருத்தினாள்.

"ஆச்சாம்மா?" என்று வாசலிலிருந்து வெங்கடம்மாள். "கை மரத்துப் போவுது!"

"ஆயிட்டும்மா, அனுப்புதேன்! அதே கேபிள்ளதான் போவணும், மெதுவாத்தான் போவும்!"

திரையில் நூற்றுக்கு இவ்வளவு என்று எண் ஊர்ந்தது. ஊறிய பருப்பை அம்மியில் அரைக்கிற வேகம்.

"ஏவண்டி!" என்று வெங்கடம்மாள் திடீரென்று புருஷனைக் கூப்பிட்டு அலறினாள். எல்லோருக்கும் தூக்கிவாரிப் போட்டது. "மூக்கு அரிக்குது! வந்து சொறிஞ்சு வுடுங்க!"

"அத்தினி பேரு பாக்கறாங்க!"

"பாத்தாப் பாக்கட்டும்! கைய வுட்டா உங்க பூதான் போவும்!"

திம்மராயன், ஊரில் நாலு பேர் மதிக்கிற மனுஷர், வேட்டியைச் சரிசெய்துகொண்டு போய், எக்கி நின்று, பொண்டாட்டியின் மூக்கைச் சொறிந்துவிட்டார். பூ வெட்டுகிற பெண்கள் ரோஜாச் செடிக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டார்கள், சிரிப்பை அடக்க முடியாமல். "இடது பக்கம், இடது பக்கம்" என்று அவள் வழி சொன்னது இன்னும் மோசம்.

எண் நிறைந்தது. லிபியா புதியதை ஏற்றினாள். எழுந்து நின்று, உள்ளங்கையைச் சுடிதாரில் துடைத்துக்கொண்டாள்.

"அம்மா… விடுங்க."

"வுடட்டுமா?"

"விடுங்கம்மா."

வெங்கடம்மாள் வாய்க்குள் என்னவோ முணுமுணுத்துவிட்டு ஒவ்வொரு விரலாக எடுத்தாள். லாடம் ஆடியது. நிலையில் பட்டது. கிர்ர்ர் என்று நடுங்க ஆரம்பித்தது.

லிபியா திரையையே பார்த்தாள். 'கதவு' என்று ஒரு வரி வந்தது. அடுத்து? அடுத்து என்ன வரும்?

இன்ன சூடு, என்று வந்தது. இன்ன ஈரம். திரை முழுசு. விசிறி ஓடுகிறது. தூவல்.

மேலே புஸ்ஸ்ஸ்!

"ஓடுது!" என்று வெஸ்லின் கத்தி, எல்லோர் முன்னாலும் அவளைத் தூக்கிச் சுற்றிவிட்டான். "ஓடுது டி! நடுங்க நடுங்க ஓடுது!"

"விடுங்க, ஆளுங்க நிக்காங்க!" என்றாள் அவள், ஆனால் அவளும் அவன் சட்டையை விடவில்லை.

திம்மராயனுக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. கதவருகே போய் லாடத்தைச் சுண்டிவிட்டார். பெட்டி ஓடியது. பலமாகச் சுண்டினார். ஓடியது. அப்புறம் கதவையே படார் படார் என்று திறந்து மூடினார். ஓடியது. பெண்கள் எல்லாம் வந்து ஆளுக்கொரு தரம் கதவை அடித்துப் பார்த்தார்கள்; திருவிழாவில் மேளம் கேட்டதுபோல் ஆகிவிட்டது உத்தனப்பள்ளி. ஒவ்வொரு அடிக்கும் திரையில் ஒரு 'கதவு', பின்னாலேயே வரிசையாகத் தன் வேலை. கூப்பிட்ட குரலுக்கு "ம்" கொட்டிக்கொண்டே கைவேலையை விடாமல் பார்க்கிற பெண்போல அது பார்த்துக்கொண்டது.

திம்மராயன் மூச்சிரைக்க நின்றார். ஒரு மொட்டின் தொப்பியைக் கழற்றி, இரண்டு விரலால் அமுக்கிப் பார்த்தார். கெட்டியாக இருந்தது. இறுக்கி மூடிய சிவப்பு.

"பெட்டி இங்கயே இருக்கட்டும்மா" என்றார்.

லிபியாவுக்கு அந்த ஒரு வார்த்தை போதும். ஆனால் அவர் நிறுத்தவில்லை. செல்போனை எடுத்து, இராயக்கோட்டையில் பூ வளர்க்கிற தன் மைத்துனர் சென்னகிருஷ்ணனைக் கூப்பிட்டு, கன்னடமும் தெலுங்குமாகக் கலந்து கத்தினார். நடுநடுவே 'சீரியல்', 'பிரேக்' என்று இரண்டு வார்த்தை மட்டும் லிபியாவுக்குப் புரிந்தது. தானே குனிந்து கேபிள் மாட்டித் தானே கண்டுபிடித்ததுபோல்தான் அவர் குரல் இருந்தது. வெஸ்லின் வாயைத் திறக்கப் போனான். லிபியா தலையசைத்துத் தடுத்தாள். சொல்லிக்கொள்ளட்டும், பாவம், மூக்குச் சொறிந்த பங்கு அவருக்கும் உண்டே.

சாயங்காலம் குளிர் இறங்கியதும் வெட்டு தொடங்கியது. மூடிய மொட்டுகளை நீளக் காம்போடு வெட்டி, தண்ணீர் வாளியில் நிறுத்தி, அட்டைப் பெட்டியில் அடுக்கி, பெங்களூர் விமான நிலையத்துக்குப் போகிற வண்டியில் ஏற்றினார்கள். வெங்கடம்மாள் ஒரு கொத்தைத் தனியாக எடுத்து, லிபியாவின் கையில் திணித்தாள். "இது மட்டும் நம்ம ஊட்டுலயே விரியட்டும்" என்றாள். உள்ளே பெட்டி பேசிக்கொண்டேயிருந்தது. கேட்க ஆள் இல்லாவிட்டாலும் இன்ன சூடு, இன்ன ஈரம் என்று.

அவ்வளவுதான் கண்ணுகளா. உங்கள் வீட்டில் பானை நிறையட்டும், பிள்ளைகள் நோயில்லாமல் வளரட்டும். புருஷன் பொண்டாட்டி சண்டையெல்லாம் சிரிப்பில் முடியட்டும். என்றைக்காவது உங்களில் ஒருவர் வாயடைத்து உட்கார்ந்துவிட்டால், அவசரப்படாமல் பக்கத்தில் இருந்து, மறுபடி மறுபடி கேட்க, அந்த வீட்டில் ஓர் ஆள் இருக்கட்டும். பதில் வருகிறவரைக்கும் பொறுத்திருக்கிற மனசு உங்கள் எல்லோருக்கும் வாய்க்கட்டும். நல்லா இருங்கள்.